வெறுங்கை முழம்

ட்ரோண்ட்ஹைமில் ஜனவரி. மூன்று மணிக்கே
விளக்குப் போட்டாயிற்று.
மேசையில் உடைந்த இரும்புக் கை.
ஃப்ரோயாத் தீவின் சால்மன் பண்ணையிலிருந்து
ஒட்வார் பார்சலில் அனுப்பியது.
சுற்றியிருந்த செய்தித்தாளில் மீன்செதில்.
“அலை ஒரு முழம் தூக்குது.
இது அரை விரற்கடைகூட வளையல.
வளையுற மாதிரி ஒண்ணு செஞ்சு கொடுங்க.
கீல் வேண்டாம். கீலை உப்பு தின்னுடும்.”
அவ்வளவுதான் கடிதம்.

நான் ஒரு செவ்வகம் வரைந்தேன்.
நாற்பதாயிரம் கட்டங்கள், மூலைக்கு மூலை முடிச்சு.
அவருக்கும் வலை, எனக்கும் வலை.
அவர் வலையில் மீன் நிற்க வேண்டும்,
என் வலையில் பொருள் நிற்க வேண்டும்,
நூற்றுக்கு முப்பது பங்கு மட்டும்.
மீதி போகட்டும்.
எது போவது என்று நான் சொல்வதில்லை.
சுமை சொல்லும்.

முதலில் வந்தது அழகான வடிவம்.
இருபுறமும் ஒத்த கிளைகள்,
பேராலயத்து வட்டச் சாளரம் போல.
சிறு சுமைக்கு மட்டும் பதில் சொல்லும்
கணக்கின் அழகு அது.
உண்மையான அலையைக் கொடுத்தேன்.
சாளரம் முழங்கால் மடங்கி உட்கார்ந்தது.

ஆகவே வளைவை முழுதாகக் கணக்கில் எடுத்தேன்.
வளைந்தபின் எங்கே இருக்கிறதோ
அங்கிருந்து அடுத்த அடி,
மறுபடி அங்கிருந்து.
முப்பத்தெட்டு விழுக்காடு சுமையில் கணினி நின்றது.
அடியைப் பாதியாக்கினேன். நின்றது.
கால்வாசி. நின்றது.
இரவு இரண்டரை. இயந்திரக் காபி.
ஜன்னலில் என் முகத்தின் குறுக்கே
பனி வாரும் வண்டியின் மஞ்சள் விளக்கு.

திரையைப் பெரிதாக்கினேன்.
தாங்குகிற இடமெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.
கிழிந்திருந்தது காலி இடம்.

சொல்ல வெட்கம்:
காலியைக் காலி என்று எழுத என் சமன்பாட்டுக்குத் தெரியாது.
பூஜ்யம் வைத்தால் மூச்சு நின்றுவிடும்.
அதனால் ஒன்றுமில்லாத ஒவ்வொரு கட்டத்துக்கும்
கோடியில் ஒரு பங்கு வலு தந்து
இருப்பதுபோல் இரு என்று உட்கார வைத்திருந்தேன்.
வெறுங்கை முழம் போடாது என்பார்கள்.
நான் போடச் சொன்னேன். போட்டது.
அலை பெரிதானதும்
அந்த நொய்ந்த கட்டங்கள் தம்மேல் தாமே மடங்கி
உள்ளே வெளியாகப் புரண்டு
பரப்பளவைக் கழித்தல் குறியோடு காட்டின.
இல்லாததுதான் பொல்லாதது.

மூன்று வாரம் ஆயிற்று ஒரு தந்திரத்துக்கு.
பொருள் உள்ள கட்டம்
நடந்தது முழுவதையும் உணரட்டும்.
காலிக் கட்டத்துக்கு மட்டும் பழைய எளிய கணக்கு.
இடம் பெயர்ந்து திரும்பியதே
அதற்குத் தெரிய வேண்டாம்.
பக்கத்து மேசை யோருன் படித்துவிட்டுச் சிரித்தாள்:
“என் முன்னாள் கணவனைப் பார்த்து எழுதினியா?”

நூறு விழுக்காடு சுமை.
வந்த வடிவத்தில் சமச்சீர் இல்லை.
ஒரு தடித்த தொடை, ஒரு மெலிந்த நரம்பு,
நடுவே எதற்கென்று எனக்கே புரியாத கொக்கி.
கொக்கியை அழித்துப் பார்த்தேன்.
கை சுருண்டது.
திரும்ப வைத்தேன்.

நைலானில் செய்து எடுத்துப்போனதை
ஒட்வார் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
“இதை எந்த நாய் கடிச்சுது?”
கேட்டுக்கொண்டே மாட்டினார்.

மார்ச்சில் புயல்.
மறுநாள் தொலைபேசியில்,
“ராத்திரி பூரா வளைஞ்சுது. காலைல பழையபடி நிக்குது.
ஆனா ஏறும்போது ஒரு டொக், இறங்கும்போது ஒரு டொக்.
தூங்கவே விடல.”
அந்த டொக் என் வரைபடத்தில் உண்டு,
ஏறிச் சரிந்து மறுபடி ஏறும் கோடாக.
தூங்க முயலும் ஒருவர் அதில் இல்லை.

செப்டம்பரில் ஒரு புகைப்படம்.
ஒரு குளிர்காலம் உழைத்து
நான் காலியாக்கிய துளைகளில்
நெருக்கியடித்துக்கொண்டு நீலச் சிப்பிகள்.
“இங்வில், எடை கூடிப்போச்சு. சுரண்டி எடுத்துட்டேன்.
பாதியை வெண்ணெயில் வதக்கினோம்.”

எந்தத் துளையில் அதிகம் என்று கேட்டேன்.

“எல்லாத்திலும்.
அந்தக் கொக்கிக்குப் பக்கத்தில மட்டும்
ஒண்ணும் ஒட்டல.”